தொட்டிக்கரி சுடும் களத்தில்

காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் பிரயாணம் செய்கிறவர் கண்ணில் முதலில் படுவன, சாலையோரங்களில் வெயிலுக்கு விரிந்து கிடக்கும் கொப்பரைக் களங்களே. பருப்பு எண்ணெய் ஆலைக்குப் போய்விட, எஞ்சிய தேங்காய்த் தொட்டிகள் லாரியேறிக் கரி சுடும் இடங்களுக்குச் செல்கின்றன. அடுப்பெரிக்க மட்டுமே ஆகுமென்று ஒரு காலத்தில் கருதப்பட்ட அத்தொட்டி, குடிநீரைச் சுத்தி செய்யும் ஆக்டிவேட்டட் கார்பனாக மாறும் விதத்தை, அத்தொழிலில் உழைப்பவரின் அருகிலிருந்தே அறிய வேண்டுமென்ற ஆவலினால் அங்கே சென்றேன்.

கரி சுடும் குழியின் அடியில் சிறிது தொட்டியைப் பரப்பித் தீ மூட்டி, அது நன்றாகப் பற்றிய பின் மேலும் மேலும் கொட்டிக்கொண்டே வருகிறார்கள். தீ உள்ளெங்கும் பரவவும் வேண்டும், அதே சமயம் பொருளைச் சாம்பலாக்கிவிடாமல் அடங்கி நிற்கவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நுட்பமான தருணத்தை அவர்களுக்கு அறிவிப்பது புகையின் நிறமே. “வெள்ளைப் புகை வர்ற வரைக்கும் ஈரம் இருக்குதுன்னு அர்த்தமுங்க, நீலம் தட்டினாத்தான் மூடோணும்” என்றார், தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தபடியே ஒரு பெரியவர். அந்தத் தருணம் வந்ததும் தகரத்தைப் போட்டு மூடி, விளிம்பெல்லாம் மண் பூசிக் காற்றின் வழியை அடைத்துவிட்டார். ஆறுமுன் திறந்தால், உள்ளே வந்த காற்றினால் கரி மறுபடி பற்றிக்கொள்ளும்.

ஆறிய கரியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், ஒரு துண்டை எடுத்துச் சிமெண்டுத் தரையில் போட்டுக் காட்டினார். நன்றாக வெந்தது கணீரென்று ஒலித்தது. அதன் முறிந்த விளிம்பு பளபளத்தது. பழுப்பு மாறாமல் மந்தமாக விழுந்த துண்டை அரைவேக்காடென்று ஒதுக்கிவிட்டார். ஏறக்குறைய மூன்று பங்கு தொட்டியிலிருந்து ஒரு பங்கு கரியே கிடைப்பதால், அவருடைய விரல்களின் சிரத்தையில்தான் அத்தொழிலின் லாப நஷ்டம் பெரிதும் அடங்கியிருக்கிறது.

இக்கரி பிறகு ஆலையில், சுழலும் நீண்ட உலைக்குள், சுமார் 900 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் நீராவியைச் சந்திக்கிறது. நீராவியோ கரியின் ஒரு பகுதியை வாயுவாக மாற்றிக் கொண்டுபோய், கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்துளைகளை அதனுள் விட்டுச்செல்கிறது. இவ்வாறு பக்குவமடைந்த கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். கால் ஏக்கர் நிலம் ஒரு சிட்டிகைக்குள் அடங்கியதற்கு ஒப்பாகும். நீரிலுள்ள நிறமும் துர்நாற்றமும் அங்கே பிடிபடுகின்றன; குளோரினும் நீங்குகிறது. தொட்டி கடினமானது, அதன் துளைகளோ மிக நுண்ணியவை, ஆகவே தங்கச் சுரங்கங்களிற்கூட, கரைசலிலிருந்து தங்கத்தைப் பற்றியெடுக்க இக்கரியையே நாடுகிறார்கள். முதல் உலக யுத்தத்தில் விஷவாயுக் கவசங்களுக்கு இத்தகைய கரி தேவைப்பட்டபோது, 1918-இல் அமெரிக்க மக்கள் பீச்சுப் பழக் கொட்டைகளைச் சேகரித்துக் கொடுத்ததுண்டு.

மனிதரின் சுவாசத்தையும் ஜலத்தையும் காக்கும் இப்பொருளைச் சுடுகிறவர்கள், நாள்முழுதும் புகையைச் சுவாசிக்கிறார்கள். அவசரத்தில் தண்ணீர் தெளித்துக் கரியை அணைக்கும் இடங்களில், கழிவு நீர் மண்ணில் இறங்கிக் கிணறுகளைக் கெடுக்கிறதென்று சுற்றுவட்டாரக் குடியானவர்கள் முறையிடுவதிலும் நியாயம் இருக்கிறது. இது தவிர்க்க இயலாத தீமையன்று. மூடிய உலையில் சுட்டு, எழும் வாயுவை எரித்தால் புகை பெரிதும் அடங்கும். அந்த வெப்பத்தைக் கொண்டே பதப்படுத்தத் தேவையான நீராவியையும் உண்டாக்கலாம். காற்றடைத்துப் பொறுமையாக ஆறவிட்டால் தண்ணீருக்கும் வேலையில்லை. இதற்கு மூலதனம் வேண்டும். அதைச் சிறு களக்காரர் தலையில் மட்டும் சுமத்துவது தர்மமாகாது. சுத்தமான நீரைப் பருகும் நாம் அனைவரும் கரியின் விலையோடு அச்செலவையும் சேர்த்துக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். குழியருகே நிற்பவரின் மூச்சும் அயலிலுள்ள கிணறும் அவ்விலைக்குள் அடங்காதவரை, இக்கரி செய்யும் சுத்தி பாதிச் சுத்தியே.