என் விமானத்தை நிறுத்திய மலை

காலை எட்டு மணி. ஐஸ்லாந்தின் தென்கரையில் ஸ்கோகாஃபோஸ் அருவிக்குக் கீழே நிற்கிறோம். 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் சாரலில் மழைக்கோட்டு ஏற்கெனவே நனைந்துவிட்டது. அருவியை ஒட்டி மேலே ஏறுகின்றன படிகள். ஐந்நூறுக்கும் மேல்.

"அப்பா, இது நடையே இல்ல, வெறும் வாசப்படி. இதுக்கப்புறம்தான் 25 கிலோமீட்டர்" என்றாள் மகள். அவளுக்கு 16 வயது. எனக்கு 49. என் வலது முட்டிக்கு எழுபது இருக்கும்.

ஸ்கோகர் என்ற இந்தச் சிற்றூரிலிருந்து மலையேறி, இரண்டு பனியாறுகளுக்கு நடுவிலுள்ள கணவாயைக் கடந்து, மறுபக்கம் தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். ஒரே நாளில். கணவாயின் பெயர் ஃபிம்வெர்துஹால்ஸ். பனிமூட்டத்தில் வழி தெரிவதற்காகக் கல்லை அடுக்கி அடையாளம் வைப்பார்களே, அப்படி ஐந்து கற்குவியல்கள் உள்ள கணவாய் என்று பொருள். வடக்கு நோக்கி நடந்தால் வலப்பக்கம் மீர்தால்ஸ்யோகுட்ல் பனியாறு. இடப்பக்கம் எய்யாஃப்யாட்லயோகுட்ல்.

இரண்டாவது பெயர் எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? 2010 ஏப்ரலில் உலகமெங்கும் செய்தி வாசிப்பாளர்களின் நாக்கைச் சுளுக்க வைத்த எரிமலை அதுதான். அந்த மலைக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

அப்போது நான் லண்டனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம். மகள் கைக்குழந்தை. கோவில்பட்டியில் அம்மா படுத்த படுக்கை. அண்ணன் போன் செய்து, "நீ கிளம்பி வா" என்றார். 15-ஆம் தேதி வியாழக்கிழமை மாலை விமானம். "வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துருவான்" என்று அம்மா பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். வியாழன் நண்பகலில் பிரிட்டனின் வான்வெளியை மூடிவிட்டார்கள். எரிமலைச் சாம்பல்.

சனிக்கிழமை விடியற்காலையில் அம்மா போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்குக் கடைசி மகன் கொள்ளி வைக்க வேண்டும். கடைசி மகன் நான். அண்ணன்தான் வைத்தார். 20-ஆம் தேதி இரவு விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்தன. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது 23-ஆம் தேதி. அண்ணன் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சொந்தக்காரர்கள் பேசினார்கள். "காசு சேர்க்கப் போனவனுக்கு ஆத்தா மொகம் பாக்கக் குடுத்து வைக்கல" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார்.

மகள் பள்ளியில் புவியியல் படிக்கிறாள். இந்தக் கோடைக்கு ஐஸ்லாந்து போகலாம் என்றதும் அவள்தான். வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும், இதில்தான் நடக்க வேண்டும் என்றது நான்.

படிகள் முடிந்ததும் சில கிலோமீட்டர் ஆற்றங்கரையோடு போகிறது பாதை. ஸ்கோகா ஆறு அருவி அருவியாக இறங்கி வருகிறது. இருபதுக்கும் மேல் என்றாள் வழிகாட்டிப் பெண். பத்துக்குமேல் நான் எண்ணவில்லை. பச்சைப் புல், செம்மறி ஆடுகள். பக்கத்து ஓடைகளில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளச் சொன்னாள். "மேலே தண்ணீர் கிடைக்காது. இத்தனை பனிக்கு நடுவில் தாகத்தோடு நடப்பது கொடுமை."

ஒரு சிறு பாலத்தைக் கடந்ததும் பச்சை சட்டென்று நின்றுவிடுகிறது. கல், சரளை, கறுப்பு மணல். கரிசல் காட்டில் பிறந்தவனுக்குக் கறுப்பு மண் புதிதல்ல. ஆனால் ஒரு புல்கூட முளைக்காத கறுப்பை அன்றுதான் பார்த்தேன். மேகமும் இறங்கிவிட்டது. முன்னால் போகிறவரின் சிவப்புப் பை மட்டும் தெரிந்தது.

900 மீட்டர் உயரத்தில் பால்ட்வின்ஸ்கௌலி என்ற கூம்பு வடிவக் குடில். அங்கே உட்கார்ந்து உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தியைத் தின்றோம். (எலுமிச்சைச் சோறு கொண்டுவர வேண்டாம் என்று மகள் தடுத்தது நல்லதாயிற்று. குளிரில் ஒவ்வொரு பருக்கையும் கல்லாகியிருக்கும்.) வழிகாட்டி ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து உட்கார்ந்து பேசினாள். என்னிடம், "முட்டி எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்" என்றாள். திரும்புவதென்றால் இங்கேயே திரும்ப வேண்டும். குழுவில் ஆறு பேர், வழிகாட்டி ஒருத்தி. ஒருவர் திரும்பினால் எல்லாரும் திரும்ப வேண்டும்.

அவள் மிரட்டவில்லை. 1970 மே மாதத்தில் இதே கணவாயில் புயலில் சிக்கி மூன்று பேர் இறந்ததையும், அவர்களுக்கு மேலே ஒரு நினைவுச்சின்னம் இருப்பதையும் மட்டும் சொன்னாள். மே மாதம் என்றால் இங்கேயும் வசந்தம்தான்.

வலிக்கிறது, ஆனால் நடக்க முடியும் என்றேன். அவள் என் மகளைப் பார்த்தாள். மகள் தலையாட்டினாள். அதன் பிறகுதான் நம்பினாள்.

பனி வயல்களைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் மேகம் விலகியது. எதிரே இரண்டு சிவந்த கறுப்பு மேடுகள், சுற்றிலும் உடைத்துப் போட்ட தார்ச்சாலை போலக் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை. 2010-க்கு முன் இந்த மேடுகளே கிடையாது. மக்னி, மோதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வடநாட்டுப் புராணத்தில் இடிக்கடவுள் தோரின் பிள்ளைகள். உலகம் அழிந்த பிறகும் பிழைத்திருந்து அப்பாவின் சுத்தியலுக்கு வாரிசாகிறவர்கள். கீழே தெரியும் தோர்ஸ்மோர்க், அந்த அப்பாவின் காடு.

மக்னியின்மேல் ஏறினோம். வெடித்த முதல் சில வருடங்கள் இங்கே மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே கை சுடுமாம். நானும் தோண்டினேன். சுட்டதுபோலவும் இருந்தது, சுடாததுபோலவும் இருந்தது.

வழிகாட்டியிடம் என் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், அதனாலும் இருக்கலாம். கேட்டு முடித்தவள் மெதுவாக, "உங்கள் விமானத்தை நிறுத்தியது இது இல்லையே" என்றாள். கைத்தடியை மேற்கே நீட்டினாள். "அது."

வெள்ளை வெளேரென்று பனியாறு. அவ்வளவுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். மார்ச் 20-ஆம் தேதி இந்தக் கணவாயில் பூமி பிளந்தது. சிவப்பு ஊற்றாகக் குழம்பு பீறிட்டு, பள்ளத்தாக்குகளில் அருவியாக விழுந்தது. மூன்று வாரம் இந்த இடம் திருவிழா மாதிரி. ஜீப்பிலும் ஹெலிகாப்டரிலும் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.  ஏப்ரல் 12 வாக்கில் அடங்கிப்போனது. இரண்டே நாளில், 14-ஆம் தேதி அதிகாலை, சில கிலோமீட்டர் தள்ளி மலையுச்சியில் வெடித்தது. அங்கேதான் மேலே 200 மீட்டர் கனத்துக்குப் பனி.

"சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிப்பீங்கல்ல, அதாம்ப்பா" என்றாள் மகள். உருகிய பாறை பனியைத் தொட்டதும் தண்ணீர் நொடியில் ஆவியாகி வெடிக்கிறது. அந்த வெடிப்பில் குழம்பு கண்ணாடித் தூளாகச் சிதறுகிறது. உச்சியில் வந்த குழம்பு வேறு வகை என்பதும், அதில் வாயு அதிகம் என்பதும் சேர்ந்துகொண்டன. அந்தத் தூளை அன்றைய காற்று நேராக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. விமான எஞ்சினுக்குள் போனால் அது உருகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். 1982-இல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களுமே அணைந்துவிட்டன. கீழே இறங்க இறங்க எஞ்சின்கள் மறுபடி உயிர்பிடித்ததால்தான் எல்லோரும் பிழைத்தார்கள். வானத்தை மூடியது தேவையில்லாத பயம் என்று நான் வருடக்கணக்கில் திட்டியிருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரே மலையின் நெருப்பு. பனி இல்லாத இடத்தில் வேடிக்கை, பனி உள்ள இடத்தில் ஐரோப்பா முழுக்க ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. அதில் ஒன்றில் 15 வருடமாக நான் ஏற முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். இப்போது கோபப்படலாம் என்று அந்த வெள்ளையைப் பார்த்தால், அது பாட்டுக்கு வெயிலில் கிடக்கிறது. நெற்றியில் திருநீறு பூசிப் படுக்க வைத்த மாதிரி.

மகள் பக்கத்தில் வந்து, "பாட்டிய எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்றாள். இறங்கும்போது சொல்கிறேன் என்றேன்.

ஆனால் இறங்கும்போது பேச முடியவில்லை. ஹெல்யார்கம்பூர் என்ற இடத்தில் பாதை ஒரு குறுகிய முகடு. இரண்டு பக்கமும் சரிவு. பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். காற்று ஆளைத் தள்ளியது. வழிகாட்டி முன்னால், நான் நடுவில், மகள் பின்னால். "கீழ பாக்காதீங்கப்பா, அவங்க காலப் பாருங்க" என்று பின்னாலிருந்து குரல். இவளுக்கு நடை சொல்லிக்கொடுத்தவன் நான்.

அப்புறம் மோரின்ஸ்ஹெய்தி என்ற சமவெளி. கால்பந்து ஆடலாம், அவ்வளவு தட்டை. அங்கேதான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கடலைமிட்டாய் பாக்கெட்டை முந்தானையில் முடிந்து பள்ளிக்கூட வாசலில் நிற்பது. எழுதப் படிக்கத் தெரியாமலே எந்த பஸ் எங்கே போகும் என்று நிறத்தை வைத்தே சொல்வது. பூனை முதுகு என்று பெயர்கொண்ட முகடுகளில் இறங்கி, பிர்ச் மரங்களுக்குள் நுழையும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். மாலை ஆறரைக்கு பௌசார் குடிலை அடைந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியத்தான் சரியான காலம். வானிலை மோசமென்று வழிகாட்டி சொன்னால் வாதாடாதீர்கள். இறக்கம் ஏற்றத்தைவிட முட்டியைப் படுத்தும். இரண்டு கைத்தடி அவசியம்.

திரும்பி வரும் பஸ்ஸுக்கு ஆளுயரச் சக்கரம். பாலமே இல்லாத பனியாற்று ஓடைகளில் இறங்கி ஏறி வருகிறது. வழியில் கீக்யோகுட்ல் என்ற பனிநாக்கைக் காட்டினார் டிரைவர். 2010 வரை அதன் கீழே ஒரு ஏரி இருந்ததாம். அந்த ஏப்ரல் வெள்ளம் கொண்டுவந்த மண்ணில் தூர்ந்துபோய், இப்போது வெறும் சரளை.

சிக்னல் வந்ததும் மக்னி மேல் எடுத்த படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். "அந்தச் சாம்பல் மலை இதான் அண்ணே. பின்னால தெரியுற வெள்ளை" என்று எழுதினேன். ஊரில் நடுராத்திரி தாண்டியிருக்கும். பதில் காலையில் வந்தது, குரல் செய்தியாக.

"பாத்தேன்டா. நல்லா உத்துப் பாத்தேன். வெள்ளையா அம்மா சேல மாதிரி இருக்கு. பிள்ளைக்குச் சளி கிளி பிடிச்சிறாம, மொதல்ல சூடா எதாச்சும் வாங்கிக் குடு."