அப்பத்தாவின் படம்

எங்கள் வீட்டில் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. முகப்பில் கோட்டும் தலைப்பாகையுமாக என் கணவரின் ஐயா, அவருக்கும் ஐயா. வளவுச் சுவரில் ரவிவர்மாவின் லட்சுமி, சரஸ்வதி. 1894-ல் பம்பாயில் அவர் அச்சகம் போட்ட பிறகு, அந்தப் படங்கள் காரைக்குடிப் பக்கமும் வீடு வீடாக வந்து சேர்ந்தன.

ஆனால், அறுபது வருஷமாக இந்த வீட்டைக் கட்டிக் காக்கும் என் மாமியாருக்கு ஒரு படம் கிடையாது. (ஆதார் அட்டையில் இருப்பதை நான் படம் என்று சொல்ல மாட்டேன்!)

2020-ஆம் வருஷத்துக்கு சுஹாசினியின் 'நாம்' அறக்கட்டளை ஒரு காலண்டர் போட்டதே, நினைவிருக்கிறதா? ரவிவர்மா ஓவியங்களைப் போலவே ரம்யா கிருஷ்ணன், சமந்தா முதலானவர்களை வெங்கட் ராம் படமெடுத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் மகள், "அப்பத்தா, உங்களையும் இப்படி எடுக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தாள்.

பட்டுப் புடவையை எடுத்து வைத்தேன். மாமியார் அசையவில்லை.

"பட்டு கல்யாணத்துக்குக் கட்டுறது. நான் என் கண்டாங்கியிலதான் உக்காருவேன்."

அரக்கும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட சேலை. பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டார். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் அவருக்குத் தெரியாது. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், அது தெரியும்.

காலை பத்து மணி. முற்றத்து வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி தூண் ஓரத்தில் உட்கார வைத்தோம். மறுபக்கம் முகம் இருட்டடிக்காமல் இருக்க, நான் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை கடுத்துப் போயிற்று! ஓவியத்துப் பெண் மாதிரி ஓரப்பார்வை பார்க்கச் சொன்னாள் மகள். மாமியாரோ நேராகத்தான் பார்த்தார்.

ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வந்தது. கறுப்பைச் சிவப்பாக்கி, சுருக்கத்தையெல்லாம் துடைத்திருந்தார்கள்.

"யாரு ஆத்தா இவ? லட்சணமா இருக்காளே!" என்றார் மாமியார்.

சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் படம் பிடித்துத்தான் இருந்தது. சிவந்த லட்சுமியையே பார்த்துப் பழகிய கண்ணாயிற்றே! மகள்தான் கோபமாகப் போய், நிறத்தில் கை வைக்காமல் மறுபடி போட்டு வாங்கி வந்தாள்.

முகப்பில் ஐயா படத்துக்குப் பக்கத்திலேயே என் கணவர் ஆணி அடித்தார். மாமியார் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார்.

"சேலைக் கரை நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் தேடிப் போனார்.