மல்லிகை மஞ்சளான கதை

சித்திரை பிறந்ததும் பிறர் உதகமண்டலத்தைப் பற்றியும் கோடைக்கானலைப் பற்றியும் பேச ஆரம்பிப்பார்கள். நாமோ கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு பழைய மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு தூரிகைகளைக் கழுவி உலர்த்த ஆரம்பிப்போம். முப்பத்தைந்து வருஷ காலம் கணக்குப் புஸ்தகங்களோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவர்களுக்கு ஏதேனும் ஒரு பைத்தியம் பிடிப்பது சகஜம். சிலருக்கு ஹோமியோபதி, சிலருக்குப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவது. நமக்குப் பிடித்தது நீர்வர்ணச் சித்திரம். இது விஷயமாக நமது இல்லாளின் அபிப்பிராயம் என்னவென்றால், கடிதம் எழுதியிருந்தால் தபால் செலவோடு போயிருக்கும் என்பதே.

கும்பகோணத்துக்குச் சமீபத்தில், காவேரிக் கரையில் உள்ள ஊர் நம்முடையது. கொல்லையில் ஓர் ஒட்டு மாமரம், இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஐந்து குண்டுமல்லிச் செடிகள், வெண்டையும் கத்தரியும் போட்ட இரண்டு பாத்திகள், ஒரு கிணறு. இந்த ராஜ்யத்துக்கு மகாராணி நமது இல்லாள்தான். மார்கழியில் மல்லிகையைக் கவாத்து செய்வதும், உதிர்ந்த மாவிலைச் சருகை அள்ளிச் செடிகளின் அடியில் மூடி ஈரத்தைக் காப்பதும் அவள் காரியம். அடியில் துளையிட்டுத் திரி செருகிய பழம்பானைகளைக் கத்தரிச் செடிகளின் நடுவே புதைத்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாய் வேருக்குப் போகும்படி செய்திருப்பதும் அவளே. நாம் மேற்படி ராஜ்யத்தில் ஒரு சாதாரணக் குடி. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கடமை உண்டு, பூப் பறிக்கும் உரிமை இல்லை.

இந்த வருஷம் மூன்று சித்திரங்கள் எழுதி முடிப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டோம். முதலாவது, ஒரே மாங்கிளையைப் பிஞ்சிலிருந்து பழம் வரை வாரம் ஒரு முறை எழுதுவது. இரண்டாவது, மத்தியான வெயிலில் கிணற்றடி. மூன்றாவது, விடியற்காலையில் மலர்ந்து நிற்கும் மல்லிகைச் செடி. கடைசியில் சொன்னதற்குத்தான் பெரிய ராஜதந்திரம் தேவைப்பட்டது. மொட்டுகளைச் செடியிலே விட்டால்தானே விடியலில் பூவாய் இருக்கும்? நமது வீட்டிலோ மாலை நான்கு மணிக்குள் ஒரு மொட்டு பாக்கியில்லாமல் கிண்ணத்துக்குப் போய்விடும். கோடியிலிருந்த ஐந்தாவது செடியை மட்டும் பத்து நாள் பறிக்காமல் விடுவது என்றும், அதற்கு ஈடாகத் தினம் பத்து வாளி அதிகமாக இறைப்பது என்றும் உடன்படிக்கை ஏற்பட்டது.

மாங்கிளை விவகாரம் அணிலின் கையில் இருந்தது. நாம் வரைந்து வைத்த காயை மறு வாரம் பார்த்தால் பாதிதான் இருக்கும். ஆறாவது வாரத்தில் கிளையில் மிஞ்சியது ஒன்று. அந்த மட்டில் சித்திரம் எளிதாகிவிட்டது.

கிணற்றடியில் வேறு தொந்தரவு. அக்கினி நட்சத்திரத்தில் நீர்வர்ணம் எழுதுவது எவ்வளவு சிரமம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்கே தெரியும். நீர் தோய்ந்த வர்ணத்தைக் காகிதத்தில் பரப்பி, அது ஈரமாயிருக்கும்போதே அடுத்த வர்ணத்தை அதனோடு இழையவிட வேண்டும். சித்திரை வெயிலில் தூரிகையை வர்ணத்தில் தோய்த்துத் திரும்புவதற்குள் முதல் பூச்சு காய்ந்து, ஓரத்தில் கோடு விழுந்துவிடுகிறது. காகிதத்தை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்துப் பலகையில் ஒட்டிப் பார்த்தோம். வர்ணத்தில் ஒரு துளி தேன் கலந்தோம். தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அது என்னவோ உண்மைதான். ஆனால் எறும்புகளுக்கும் அந்த உண்மை தெரிந்திருந்தது.

இதற்கிடையில் கிணறு இறங்கிக்கொண்டே போயிற்று. காவேரியில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தது. தூரிகை கழுவிய தண்ணீரைக்கூட முருங்கைக்கு ஊற்ற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

மல்லிகைச் சித்திரத்தைத்தான் நமது வாழ்நாளின் சிறந்த சித்திரமாக எண்ணியிருந்தோம். நீர்வர்ணத்தில் காகிதத்தின் வெண்மையே வெள்ளை. பூவை எழுதாமல் விட்டுவிட்டு, பூவுக்குப் பின்னாலிருக்கும் இலையின் இருட்டை எழுத வேண்டும். அப்படியே செய்தோம். பிறகு, இளவெயிலின் சாயல் இதழ்களில் தோன்றட்டும் என்று மிகவும் நீர்த்த மஞ்சள் ஒன்றைப் பூசினோம். அது கண்ணுக்கே தெரியவில்லை. இன்னொரு பூச்சுப் பூசினோம். அப்போதும் தெரியவில்லை. இப்படியாக நாலு நாள், நாலு பூச்சு.

விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து வந்திருந்த பேத்தி ஐந்தாம் நாள் காலையில் மேஜையருகில் வந்து நின்றாள்.

"ஏன் தாத்தா, இது என்ன பூ?"

"பார்த்தால் தெரியவில்லையா? மல்லிகை."

"மல்லிகை எங்கேயாவது மஞ்சளாயிருக்குமா, தாத்தா?"

கலைஞனுக்குச் சுதந்திரம் உண்டு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அத்துடன் விடாமல் மஞ்சள் வர்ணத்தின் பெருமையைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தோம். முற்காலத்தில் 'இந்திய மஞ்சள்' என்று ஒரு வர்ணம் இருந்தது. பீகாரில் மாங்கீர் நகரை அடுத்த மிர்ஜாபூர் என்ற கிராமத்தில் பசுக்களுக்கு மாவிலையை மட்டும் தீனியாகக் கொடுத்து, அவற்றின் மூத்திரத்தைச் சேகரித்துக் காய்ச்சி, உருண்டையாக உருட்டிச் சீமைக்கு அனுப்பினார்கள் என்று திரைலோக்கியநாத் முகர்ஜி என்பவர் 1883-இல் எழுதியிருக்கிறார். குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிப் போயிற்று. நாம் தப்பித்தோம் என்று நினைத்தோம்.

ஆனால் சமையலறை ஜன்னலிலிருந்து இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தது நமக்குத் தெரியாது. அன்று மத்தியானம் இல்லாள் தையல் பெட்டியைக் கொண்டுவந்து, "இதில் கறுப்பு நூல் எது, நீல நூல் எது, சொல்லுங்கள்" என்றாள். நாம் எடுத்துக் கொடுத்தோம். அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் திரும்பப் பெட்டியில் வைத்தாள். சற்று நேரம் பொறுத்து, "எத்தனை நாளாக?" என்று மட்டும் கேட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருஷமாக. இரவில் தெரு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பத்திரிகையின் எழுத்துகள் மங்கின. கண்ணில் புரை விழுகிறது என்று நமக்கே தெரியும். ஆனால் நமது தகப்பனாருக்கு அந்தக் காலத்தில் நடந்த ரணசிகிச்சையை நாம் மறக்கவில்லை. தலையின் இரு பக்கத்திலும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் பல நாள் கிடத்தியிருந்தார்கள். கட்டை அவிழ்த்தபோது அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. மிச்ச ஆயுள் முழுவதும் அவர் நம்மைப் பார்ப்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். நமக்கும் அப்படி ஆனால் தூரிகை எதற்கு? ஆகவே வாயை மூடிக்கொண்டு, மங்கும் மட்டும் மங்கட்டும் என்று இருந்துவிட்டோம்.

நிறம் மாறும் என்பது மட்டும் நமக்குத் தோன்றவேயில்லை. புரை விழும் கண்ணில் உள்ள வில்லை வரவரப் பழுப்பேறி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறதாம். வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது; கருநீலம் கறுப்பாகிவிடும். பிரெஞ்சுச் சித்திரக்காரர் குளோத் மொனேக்கும் இதே சங்கடம். அவருக்குப் புரை இருப்பதாக 1912-இல் சொன்னார்கள். பதினொரு வருஷம் பயந்துகொண்டிருந்துவிட்டு, 1923-இல்தான் வலது கண்ணுக்குச் சிகிச்சை செய்துகொண்டார். அதற்குள் அவருடைய தோட்டத்துச் சித்திரங்களெல்லாம் செம்பும் பழுப்புமாக மாறியிருந்தன. குழாய்களின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்து வர்ணத்தை எடுத்தாராம். இதைச் சொல்லி, மகா கலைஞரே பதினொரு வருஷம் பொறுத்தார் என்று வாதாடிப் பார்த்தோம். "அவருக்குப் பெண்டாட்டி இல்லையோ என்னவோ" என்று பதில் வந்தது. மொனேயின் மனைவி 1911-இலேயே காலமாகிவிட்டாள் என்பது ஞாபகத்துக்கு வரவே, மேற்கொண்டு பேசவில்லை.

வைகாசிக் கடைசியில் வலது கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது. மணல் மூட்டை கிடையாது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாகப் புரையை ஒலியலையால் உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த செயற்கை வில்லையைச் செலுத்தி விரியவிட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கலாம் என்று 1949-இல் லண்டனில் முதன்முதலில் செய்து காட்டியவர் ஹாரால்ட் ரிட்லி என்ற வைத்தியர். யுத்தத்தில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமான மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் கெடுதல் செய்யாமல் கிடந்ததைக் கண்டு அவருக்கு அந்த யோசனை உதித்ததாம். படுத்திருந்த நாமோ இந்தச் சரித்திரத்தை நினைக்கவில்லை. தகப்பனாரின் திரும்பிய முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கட்டை எடுத்தபோது முதலில் கண்ணில் பட்டது இல்லாளின் புடைவைக் கரை. அது கறுப்புக் கரை என்று இத்தனை நாள் எண்ணியிருந்தோம். மயில் கழுத்து நீலம்!

வீட்டுக்கு வந்தபின் தண்ணீர் இறைக்கவும் தூசியில் போகவும் தடை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து, இல்லாள் தனியாக வாளி சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அவள் வலது தோளைச் சற்றுச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

மல்லிகைச் சித்திரத்தை எடுத்துப் பார்த்தோம். குழந்தை சொன்னது சரிதான்; மஞ்சள் தூளைக் கொட்டினாற்போல் இருந்தது. இடது கண்ணால் மட்டும் பார்த்தால், இன்னமும் அதே சித்திரம் பால் போல் வெண்மையாய்த்தான் தெரிகிறது. கிழிக்கப் போனபோது பேத்தி பிடுங்கிக்கொண்டாள். திருச்சிக்குத் திரும்பும்போது பெட்டியிலும் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இடது கண்ணுக்கு ஆடியில் நாள் குறித்திருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று முளைத்திருக்கிறது. நமது வீட்டுச் சுவர்கள் தூய வெள்ளை என்றும், சுண்ணாம்பு அடிப்பது வீண் செலவு என்றும் இரண்டு வருஷமாக நாம் வாதித்து வந்தோம். நேற்று ஆள் வந்து அளந்துகொண்டு போனான்.