சிறு பாதை

மாதிரித் தொடர்வண்டிக்கு இருப்புப்பாதை அமைத்த சிறுவன் ஒருவன், அதற்குரிய பொருள்களை வாங்க வசதியின்றி, முற்றத்துச் சரளைக்கற்களைப் பரப்பினான். அவை பாறைகளாகத் தோன்றின. அவனது மாதிரியில் யாவும் 87-இல் ஒரு பங்கு. எனவே 5 செ.மீ. கருங்கல்லும் அங்கே அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த மணலாதல் வேண்டும்.

ஆகவே, மணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்துப் பரப்பினான். நீர்த்த பசையைச் சொட்டுச்சொட்டாக விட்டு உறையச் செய்தான். மரத்தூளுக்குப் பச்சைச் சாயமேற்றிப் புல்லாக்கினான். பழைய செம்புக்கம்பிகளை முறுக்கி மரங்களாக்கினான். ஆயினும் ஏதோ குறைந்தது.

மறுநாள் பள்ளி செல்லும் வழியில், தொடர்வண்டிக் கடவுப்பாதையருகே நின்று உற்றுநோக்கினான். தண்டவாளத்தையொட்டிய கற்களில் துருவின் பழுப்பு படிந்திருந்தது. மாலையில் செங்கற்பொடியை மெல்லத் தூவினான், குறை நீங்கியது. நாள்தோறும் கடந்த பாதையை அவன் அன்றுதான் கண்டான்.