"சரி சரி" என்றால் சம்மதமா?

பக்கவாதத்தில் கை கால் விழுந்தால் பார்க்கிறவர்களுக்குப் புரியும். பேச்சு மட்டும் விழுந்துவிட்டால் அது ஒரு நோய் என்றே பலருக்குத் தெரிவதில்லை. மதுரையில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் அப்படி ஒருவர் பட்ட பாட்டை இன்று எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகளும் மருமக்களும் இன்னும் வேலையில்தானே இருக்கிறார்கள்.

நண்பர் உதவியாளராக இருந்தவர். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். கோபமாக வரும் மனுதாரரைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்பும் வாய் அவருக்கு. 2018-ல், 53 வயதில், பக்கவாதம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையில் சேர்த்து, உயிர் பிழைத்தார். கால் தேறிவிட்டது. வலது கை தளர்ந்தது. பேச்சுதான் திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் "சரி சரி" என்பார். அது ஒன்றுதான் வாயில் வந்தது.

இதற்கு அஃபேசியா என்று பெயர். மொழிக்கான பகுதி பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே அடிபட்டால், சொல்ல நினைப்பது மனதில் இருக்கும், சொல் மட்டும் வராது. புத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. 1861-ல் பாரிஸில் பிரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளி எதற்கும் "டான்" என்றே சொல்வாராம். ஆஸ்பத்திரியில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

இன்னொரு விநோதம். தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத நண்பர், டி.எம்.எஸ். பாட்டை மட்டும் வரி பிசகாமல் பாடுவார். "பாட வருது, பேச வராதா? நடிக்கிறாருய்யா" என்று காதுபடவே சொன்னவர்கள் உண்டு. மனப்பாடமாக ஊறிய பாட்டு வருவதும், புதிதாகச் சொல் தேடிக் கோக்க முடியாமல் போவதும் இந்த நோயில் பலருக்கும் உள்ளதுதான். அலுவலகத்தில் யாருக்கு அது தெரியும்?

மருத்துவ விடுப்பு முடிந்து அவர் வந்தபோது, விருப்ப ஓய்வு விண்ணப்பம் தயாராகத் தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருந்தது. "வீட்ல இருந்து உடம்பைப் பாருங்க, பென்ஷன் வருமே" என்று எடுத்துச் சொன்னார்கள். அவர் "சரி சரி" என்றார். சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பணியமைப்புப் பிரிவில் இருந்த என்னிடம் அவர் மனைவி அந்தத் தாளோடு வந்தார். "அண்ணே, இவரு சரின்னு சொல்லிட்டாராம். கையெழுத்து வாங்கிக் குடுக்கச் சொல்றாங்க. பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலண்ணே" என்றார். நண்பரை உட்கார வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் "வேலை" என்றும் இன்னொன்றில் "ஓய்வு" என்றும் பெரிதாக எழுதி முன்னால் வைத்தேன். இடது கையால் "வேலை"யைத் தொட்டார். சீட்டுகளை இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் "வேலை"தான். வாய் மட்டும் "சரி சரி" என்றது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்று ஒன்று 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில் பேச்சு, மொழிக் குறைபாடு ஒரு வகை. குரல்வளையை எடுத்துவிட்டவர்களும் அஃபேசியா வந்தவர்களும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். பிரிவு 20(4) சொல்வது இது: பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியாகிவிட்டவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் மிகைப் பணியிடம் உண்டாக்கியாவது, வேறு இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ வைத்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது பிரிவு 47-ஆக இருந்தது. காலை இழந்த காவலர் குணால் சிங் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கொடுத்தாயிற்று என்பதற்காக இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஊனச் சான்றிதழ் வாங்கி, பிரிவு எண்களைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதினோம். தபாலில் கொடுத்து, நகலில் முத்திரையோடு தேதி வாங்கிக்கொண்டோம். விருப்ப ஓய்வுத் தாள் அதற்குப் பிறகு பேச்சிலேயே வரவில்லை.

மனுவில் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மனுதாரர் வரும் இருக்கையிலிருந்து பதிவறைக்கு மாற்றம். தொலைபேசி எடுக்கும் வேலை வேண்டாம். வேலையை வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதித் தர வேண்டும். வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போக அனுமதி. இடது கைக் கையெழுத்தை வருகைப் பதிவேட்டில் ஏற்க வேண்டும். வங்கியிலும் மாதிரிக் கையெழுத்தைப் புதிதாகக் கொடுத்தார். பிரிவில் இருந்த இளநிலை உதவியாளர் பெண் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோப்பு, முத்திரை, விடுப்பு, தண்ணீர், தலைவலி என்று எழுதிக் கொடுத்தது. வேண்டியதை அவர் தொட்டுக் காட்டுவார். அலுவலகத்துக்கு ஆன செலவு அந்த நோட்டு ஒன்றுதான்.

எந்த ஆண்டுக் கோப்பு எந்த அடுக்கில் என்பது அவருக்கு அத்துப்படி. எண்ணை எழுதிக் காட்டினால் போதும், எடுத்து வந்துவிடுவார். ஒன்றரை வருடத்தில் சில சொற்கள் திரும்பின. முதலில் வந்தது மகள் பெயர். நடுவே அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 59, பிறகு 60 ஆக்கியது. 2018-ல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் 2025-ல், முழுப் பணிக்காலமும் முடித்து ஓய்வு பெற்றார். மகள் கல்யாணத்தை 2020-லேயே சம்பளக் கடன் வாங்கி முடித்துவிட்டார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், அரசுப் பணியாக இருந்தால் பிரிவு 20(4)-ஐக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பிரிவு 23-ன்படி ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். தனியார் கம்பெனிக்கு 20(4) பொருந்தாது. ஆனால் பிரிவு 21-ன்படி அவர்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும், அதைக் காட்டச் சொல்லலாம்.

பேச்சு போனவர் முன்னால் யாராவது தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் கேள்வியை இரண்டு சீட்டில் எழுதி, இடம் மாற்றி வைத்து, இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். அவசரப்படுத்த வேண்டாம்.