1,600 சிசி கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் கார்ப் பட்டறைகள் மாடி மாடியாக இருக்கின்றன. சரிவுப் பாதையில் காரோடே மேலே ஏறிவிடலாம். நான் போன கடையில் ஒரு கார்கூட இல்லை. எஞ்சின் பிளாக்குகளும் சிலிண்டர் ஹெட்டுகளும் தரை முழுக்கக் கிடந்தன. கடை நடத்தும் அண்ணன் அறுபதைத் தாண்டியவர். பதினாறு வயதில் ஜாலான் புசார் பக்கம் லேத் வேலைக்குச் சேர்ந்தவர்.

மேசையில் ஹோண்டாவின் பி16 பிளாக் ஒன்று. சிலிண்டரின் உள்விட்டமான போர் 81 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 77.4. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,595 சிசி. போர் கேஜை உள்ளே இறக்கி, மேலே, நடுவில், அடியில் என்று திருப்பித் திருப்பி அளந்தார். முள் ஓரிடத்தில் விலகியது.

“கால் மில்லி எடுத்தாத்தான் சரியா வரும் தம்பி.”

போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால் மில்லி எடுத்தால் 1,605 சிசி. வேறு ஊரில் இந்த எண்ணை யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே 1,600 என்பது ஒரு கோடு. 1990 மே மாதத்திலிருந்து சிங்கப்பூரில் கார் வாங்க வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். பத்தாண்டுகளுக்குச் செல்லும் அந்தச் சான்றிதழ் 1,600 சிசி வரை ஏ பிரிவு, அதற்கு மேல் பி பிரிவு. 2023 அக்டோபரில் ஏ பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது, பி பிரிவு 150,001 வெள்ளியை. சாலை வரியும் சிசியை வைத்துத்தான்: 1,600 சிசி பெட்ரோல் காருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 743 வெள்ளி, 3,000 சிசிக்கு 2,385.

சிலிண்டரை அவ்வளவு சுரண்டி எடுத்தும் கூடுவது அரை விழுக்காட்டுக்குச் சற்று மேலான கொள்ளளவு. காரை ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. தேய்மானத்தைச் சரிசெய்யத்தான் போர் பண்ணுவது. சக்திக்காகக் கொள்ளளவைக் கூட்ட வேண்டுமென்றால் ஸ்ட்ரோக்கை நீட்ட வேண்டும். அதே 81 மில்லி போருக்கு 87.2 ஸ்ட்ரோக் கொடுத்து ஹோண்டாவே 1,797 சிசி எஞ்சின் ஒன்றைச் செய்தது. அதற்கு கிராங்க் வேறு, பிளாக்கின் உயரமும் வேறு.

“சிலிண்டரைப் பெருசாக்குனா காத்து கூட வரும். டர்போவும் அதே காத்தத்தான் அழுத்தி உள்ள தள்ளுது. காத்து இல்லாம பெட்ரோல மட்டும் ஊத்தி என்ன செய்ய?” என்றார் அண்ணன்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். வளிமண்டலத்துக்கு மேல் அரை பார் அழுத்தம் கூட்டினால், சூடேறுவதில் போகும் இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், அதே சிலிண்டருக்குள் ஒன்றரை மடங்கு காற்று. சிசி மாறவே மாறாது. இந்த இடத்தில்தான் விதி தடுமாறியது. 1.6 லிட்டர் டர்போ பொருத்திய பிஎம்டபிள்யூவும் மெர்சிடிஸும் சாதாரணக் குடும்பக் கார்களோடு ஏ பிரிவில் ஏலத்துக்கு நின்றன. 2014 பிப்ரவரி முதல் 97 கிலோவாட், அதாவது 130 குதிரைத்திறன் என்ற வரம்பும் சேர்ந்தது. சரியான திருத்தம் அது. சிலிண்டரை மட்டும் அளந்து எஞ்சினை மதிப்பிட முடியாது.

இரண்டு கடை தள்ளி டர்போ பழுதுபார்க்கும் இளைஞர் ஜொகூர்க்காரர். விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் காஸ்வே தாண்டி வருகிறார். டர்போ ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். சுண்டுவிரலைவிட மெல்லிய ஷாஃப்ட், இரு முனையிலும் இறக்கைச் சக்கரம். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அதைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் மட்டுமே. பேலன்ஸிங் மெஷினில் ஏற்றி, சக்கரத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைச் சீவினார். மறுபடி ஏற்றினார். மறுபடி சீவினார்.

“ஆயில் மாத்தாம ஓட்டிட்டு, டர்போ மட்டம்னு சொல்றாங்கண்ணே.”

டர்போ இல்லாத எஞ்சினில் புதிதாக ஒன்றை மாட்டித் தரச் சொல்லியும் வருகிறார்களாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் தொட மாட்டேன் என்று அனுப்பிவிடுகிறார். அனுமதி ஒருபுறமிருக்க, பிஸ்டனும் கம்ப்ரெஷனும் அதற்கென்று அமையாத எஞ்சினில் அழுத்தத்தை ஏற்றினால் நாக்கிங் வந்து பிஸ்டன் உடையும். நெடுஞ்சாலையிலேயே 90 கிலோமீட்டரைத் தாண்ட முடியாத இந்த ஊருக்கு, 1,500 சுற்றிலேயே இழுவை தருகிற சிறிய டர்போ எஞ்சின்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். கம்பெனியே அப்படிச் செய்து அனுப்பியதாக இருக்க வேண்டும்.

ஞாயிறு மாலை தேக்காவில், புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவரைச் சந்தித்தேன். துவாஸில் கப்பல் எஞ்சின்களின் டர்போவைப் பிரித்துச் சுத்தம் செய்யும் குழுவில் இருக்கிறார். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி டர்போவுக்குக் காப்புரிமை பெற்றது 1905இல். கார்களுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1920களில், அது கப்பலேறிவிட்டது. கப்பலில் சிலிண்டரா டர்போவா என்ற வழக்கே கிடையாது. மிகப் பெரிய எஞ்சின்களில் 96 சென்டிமீட்டர் போர், இரண்டரை மீட்டர் ஸ்ட்ரோக். ஒரே சிலிண்டர் 1,800 லிட்டர். அத்தனை பெரிய இரு வீச்சு எஞ்சினும் டர்போ இல்லாமல் ஓடாது. வேகம் குறைந்து, டர்போவைச் சுழற்றும் புகைக்கு வலு போதாதபோது மின்சார புளோயர் காற்றைத் தள்ளும்.

“கடல்ல ஓடுறப்பவே வால்நட் ஓட்டுத் தூள ஊதிக் கரிய உதிர்ப்பாங்கண்ணே. அதுக்கும் போகாத கரிதான் எங்க கைக்கு வரும்.” நகக்கண்ணில் அது இன்னும் இருந்தது.

ஊருக்குத் திரும்பினால் புதுக்கோட்டையில் டர்போ பட்டறை போட வேண்டும் என்பது அவர் திட்டம். இப்போது வரும் பொலேரோவிலிருந்து லாரி வரைக்கும் டர்போதானே என்கிறார். தொழில் கைக்குள் இருக்கிறது, இடமும் பார்த்து வைத்திருக்கிறார். பேலன்ஸிங் மெஷின் பழையது என்ன விலைக்குக் கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.