நான் அழித்த எச்சரிக்கை

பிரேக் பம்ப்புக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்பதைக் காரே எனக்குச் சொன்னது. பம்ப்பை மாற்றாமல், சொன்ன வாயை அடைத்தேன். அதற்கப்புறம் என் அம்மாவையும் மனைவியையும் மகளையும் அதே காரில் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போனேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. எல்லாம் தெரிந்தேதான் செய்தேன்.

கார் 2004-ஆம் வருடத்து மெர்சிடிஸ் பென்ஸ் இ 220 சிடிஐ. இந்த வண்டிகளோடு பழகியவர்கள் டபிள்யூ 211 என்று சொல்லும் ரகம். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அங்கே பங்களா வாசல்களில் நின்ற பெரிய டீசல் கார்களெல்லாம் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வர ஆரம்பித்தன. என்னுடையதும் அப்படி வந்ததுதான். என்ஓசி வாங்கி, டிரெய்லரில் ஏற்றி, கோயம்புத்தூரில் வந்து இறங்கியது. புதிதாக ஒரு சின்னக் கார் வாங்குகிற காசுக்கு பென்ஸ்.

ஏன் பென்ஸ் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவுக்காக நான் கேட்டுக்கு வெளியே காத்திருப்பேன். முதலாளியின் வெள்ளை பென்ஸ் வரும்போது அப்பா சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார். வண்டி போகும்வரை ஏறமாட்டார். யாரும் அவரை இறங்கச் சொன்னதில்லை. அந்தக் காட்சி எனக்குள் என்ன செய்தது என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. அதை வண்டி வாங்கிய பிறகுதான் யோசித்தேன். எனக்கு வேண்டியிருந்தது பயணம் போக ஒரு கார் இல்லை. தெருவில் திரும்பிப் பார்க்கிற கண்கள்தான் வேண்டியிருந்தன. பிறகு நான் செலவழித்த வரிசையைப் பார்த்தாலே அது புரியும்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறை. ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கிற மெக்கானிக், என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். காரை லிஃப்ட்டில் ஏற்றி, டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது. இன்ஜின் மவுண்ட் உட்கார்ந்துபோயிருந்தது. இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினால், மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவுக்குக் கெட்டியான கரி. அடியில் இருக்கும் காப்பர் வாஷர் கசிந்தால் டீசல் புகை அங்கேயே படிந்து படிந்து இப்படி இறுகிவிடும், விட்டால் இன்ஜெக்டரைக் கழற்றவே முடியாது என்றார். டயரைப் பார்த்தேன், பட்டன் நிறைய இருந்தது. அவர் பட்டனைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் விரலால் தேடி ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 3611. 2011-ஆம் வருடம், 36-ஆவது வாரம் செய்த டயர். ரப்பர் ஏழு வருடமாகக் காய்ந்திருந்தது. பிரேக் ஆயிலைத் தேநீர் நிறத்தில் ஒரு பாட்டிலில் உறிஞ்சி எடுத்தார். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் மலை இறக்கத்தில் சூடேறிக் குமிழி விடும், மிதி உள்ளே போய்விடும் என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த பட்டியல் ஒரு பக்கம். அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நான் நேராகப் போனது பெயிண்ட் பட்டறைக்கு. வண்டி முழுக்க வெள்ளிச் சாம்பல் நிறம், புது லெதர் சீட், பாலிஷ் போட்ட அலாய். மூன்றுக்குமாகச் சேர்ந்து இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பிறகு டயர் மாற்றினேன், இன்ஜெக்டர் வாஷரும் ஆயிலும் மாற்றினேன். புஷ் மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். இது பழைய வண்டி வாங்குகிற நிறையப் பேர் விழும் இடம். இருபது லட்சம், முப்பது லட்சம் இருந்த கார் மூன்று லட்சத்துக்குக் கிடைக்கும். ஆனால் அதன் பாகத்தின் விலை மூன்று லட்ச ரூபாய் காரின் பாகத்துக்கான விலையாக இறங்காது. அது என்றைக்கும் விலையுயர்ந்த காரின் பாகம்தான்.

இனி பிரேக்குக்கு வருகிறேன். சாதாரண கார்களில் நாம் மிதியை அழுத்தினால், அந்த அழுத்தத்தை வேக்குவம் பூஸ்டர் பெருக்கி, ஆயில் வழியாக நான்கு சக்கரத்துக்கும் அனுப்பும். இந்தக் காரில் அப்படி இல்லை. சென்சோட்ரானிக் பிரேக் கன்ட்ரோல், சுருக்கமாக எஸ்பிசி. 2001இல் எஸ்எல் காரில் முதலில் வந்து, அடுத்த வருடம் இ கிளாஸுக்கும் வந்தது. மிதியை அழுத்தினால் ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவுசெய்யும். அழுத்தம் வருவது நம் காலிலிருந்து இல்லை. ஒரு மின் பம்ப் முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கும் ஆயிலிலிருந்துதான் வரும். காரின் கதவைத் திறந்தாலே முன்பக்கத்தில் ‘ஊம்’ என்று ஒரு முனகல் கேட்கும். யாரோ ஏறப்போகிறார்கள் என்று பம்ப் தயாராகிற சத்தம் அது. பேட் மாற்றும்போது எஸ்பிசியை முதலில் அணைத்து வைக்காவிட்டால், யாராவது கதவைத் திறந்த நேரத்தில் காலிப்பர் தானாக இறுகி மெக்கானிக்கின் விரலை நசுக்கிவிடும்.

அந்த பம்ப் ஒவ்வொரு பிரேக்கையும் எண்ணிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய மூன்று லட்சம் தடவை ஆனதும், இனி என்னை நம்பாதே என்று டேஷ்போர்டில் எழுதிக் காட்டும். 2004 மே மாதம் இந்த பிரேக்குக்காகவே உலகம் முழுக்க 6,80,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2006இல் இ கிளாஸை மாற்றியமைத்தபோது எஸ்பிசியையே கைவிட்டு வழக்கமான பிரேக்குக்குத் திரும்பிவிட்டார்கள். இதெல்லாம் வண்டி வாங்கும் முன்பே நான் படித்திருந்த விஷயம். நண்பர்களுக்கு விளக்கிச் சொல்லியும் இருக்கிறேன்.

2019இல் ஆர்சிக்குப் பதினைந்து வருடம் முடிகிற நேரத்தில் அந்த எழுத்து வந்தது. ‘சர்வீஸ் பிரேக், விசிட் வொர்க்‌ஷாப்.’ பட்டறையில் அண்ணா ஸ்கேனரைச் சொருகினார், சி249எஃப் என்று கோடு வந்தது.

“பம்ப்பு கெட்டுப்போச்சுன்னு சொல்லலீங்க சார். அதோட கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்லுது. மாத்திரோணும்ங்க.”

“எவ்வளவு ஆகும்ண்ணா?”

அவர் சொன்ன தொகை ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெயிண்ட்டுக்கும் லெதருக்கும் முகம் சுளிக்காமல் கொடுத்த எனக்கு அந்தத் தொகை அநியாயமாகப் பட்டது. யாரும் பார்க்கப்போகாத, பானெட்டுக்கு அடியில் கிடக்கிற ஓர் அலுமினியக் கட்டிக்கா ஒன்றரை லட்சம்? தில்லி மாயாபுரியில் பழையது கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் எண்ணிக்கை பம்ப்புக்குள்ளேயே இருக்கும், அது எத்தனை லட்சம் ஓடியதோ என்றார். அடுத்து நான் கேட்கப்போவது அவருக்கே தெரிந்திருந்தது.

“ரீசெட் பண்ணித் தர்றவங்க இருக்காங்க சார். எழுத்து போயிரும். பம்ப்பு அதே பம்ப்புதானுங்க. நான் அதப் பண்றதில்லீங்க.”

நான் பண்ணித் தருகிறவரிடம் போனேன். லேப்டாப், ஒரு வயர், அரை மணி நேரம், சில ஆயிரம் ரூபாய். எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனது, எழுத்து மறைந்தது. அன்றைக்கு வீடு திரும்பும்போது எனக்கு உறுத்தல் கொஞ்சமும் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஒன்றரை லட்சத்தை மிச்சப்படுத்திய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

“பிரேக்ல ஏதோ லைட் வருதுன்னீங்களே, பாத்தாச்சா?” என்று மனைவி கேட்டாள். “பாத்தாச்சு, சரி பண்ணியாச்சு” என்றேன். இந்த வாக்குமூலத்தில் எனக்கு எழுதக் கஷ்டமான வரி இதுதான். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

அடுத்த வாரம் ஆர்சி புதுப்பிக்க எஃப்சிக்குக் காட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து விளக்கு, வைப்பர், ஹாரன், சேஸிஸ் நம்பர் பார்த்தார். மைதானத்தில் ஓட்டி பிரேக் பிடித்துப் பார்த்தார். வண்டி நின்றது. டேஷ்போர்டில் எழுத்து எதுவும் இல்லை. பழைய வண்டியை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டவும் செய்தார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. எதைப் பார்த்து அவர் ‘தகுதியில்லை’ என்று எழுதவேண்டுமோ, அதை நான் முந்தைய வாரமே அழித்துவிட்டிருந்தேன்.

இன்னொன்றும் செய்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் இதே ரகக் கார் வைத்திருந்தார். அவருக்கும் அதே எழுத்து வந்தபோது எனக்குப் போன் செய்தார். ரீசெட் செய்பவரின் நம்பரைக் கொடுத்து, “ஒண்ணும் ஆகாதுங்க, நானே ஓட்டிட்டுதான் இருக்கேன்” என்று தைரியம் சொன்னேன்.

வால்பாறை போனது பள்ளி விடுமுறையில். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. அம்மா சீட்டைத் தடவிப் பார்த்து, “உங்கப்பா இருந்திருந்தா” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

இறங்கும்போது அட்டகட்டியைத் தாண்டி, பதினைந்தாவது வளைவோ பதினாலாவதோ, டேஷ்போர்டு சிவந்தது. கூடவே ஒரு மணி ஒலி. அதே நேரம் மிதி என் காலடியில் இறங்கியது. பாதிக்கு மேல் உள்ளே போயும் வண்டி பிடிக்கவில்லை. பம்ப் நின்றுவிட்டால் எஸ்பிசி என்ன செய்யும் என்பது எனக்குப் பாடமாகவே தெரியும். முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும், எந்தத் துணையும் இல்லாமல், நம் கால் பலத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும். ஒன்றே முக்கால் டன் வண்டி, நான்கு உயிர், எதிரே வளைவு, வளைவுக்கு அப்பால் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வருகிற பஸ். சீட்டில் முதுகை அழுத்தி, இடுப்பைத் தூக்கி, இரண்டு காலாலும் மிதித்தேன். கியர் லிவரை இடதுபக்கம் தட்டித் தட்டி முதல் கியருக்கு இறக்கினேன். இன்ஜின் கத்தியது. மலைப்பக்கச் சாக்கடை ஓரத்தில் வண்டி உரசி நின்றது. இடதுகாலால் பார்க்கிங் பிரேக்கை மிதித்தபிறகும் வலதுகாலை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் எங்களைக் கடந்து போனது.

மகளுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. வரையாடு எதுவும் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். “சரி பண்ணியாச்சுன்னீங்க” என்றாள். அங்கேயே, சாலையோரத்திலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் அம்மாவையும் மகளையும் இறக்கி, பொள்ளாச்சி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப்போனாள். நான் ரெக்கவரி வண்டிக்காகக் காத்திருந்தேன்.

அண்ணா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது பம்ப் வர நாளானது. இந்தமுறை அவருடைய பழைய பட்டியலைக் கேட்டு வாங்கி, அதன்படியே செய்தேன். லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், இன்ஜின் மவுண்ட், நான்கு பிரேக் ஹோஸ், டிஸ்க், பேட் எல்லாம். வண்டி சாலைக்குத் தகுதியானது அப்போதுதான். எஃப்சி வாங்கிய தேதியிலிருந்து அதுவரை நான் ஓட்டியது தகுதியில்லாத வண்டி. பில்களையெல்லாம் மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். நீண்ட காலம் அந்தக் காரில் ஏறவில்லை. இப்போது ஏறுகிறாள், ஆனால் வண்டியைப் பற்றி நான் எது சொன்னாலும் பில்லைக் கேட்கிறாள். கேட்க வேண்டும்.

வால்பாறையிலிருந்து திரும்பிய மறுநாளே திருப்பூர்க்காரருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னது தப்பு, தயவுசெய்து பம்ப்பை மாற்றுங்கள், பாதிப் பணம் நான் தருகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு ஒண்ணும் ஆகலியேங்க, அதுவே போதும். நமக்கு மலைப்பக்கமே வேல இல்லீங்க, ஊருக்குள்ளதானுங்க ஓட்டறோம்” என்றார். பிறகும் பேசிப் பார்த்தேன். போன தீபாவளிக்குக்கூடக் கேட்டேன். அவர் இன்னும் மாற்றவில்லை. ரீசெட் செய்பவரின் நம்பரை அவர் வேறு இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறாராம். அவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்டேன், அவருக்கு நினைவில்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால், அந்த யோசனை என்னிடமிருந்து வந்தது. பம்ப்பை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.